கடைசியில் பூஜ்யம் வரவேண்டும்

வலது கை ஆள்காட்டி விரலில் குங்குமம். இடது கையில் ஸ்க்ரூ டிரைவர். எதிரே மேசைமேல், பக்கத்துத் தகடு கழற்றப்பட்டு, குடல் தெரிய உட்கார்ந்திருந்தது என் மனைவியின் கம்ப்யூட்டர்.

ஆயுத பூஜை அன்று காலை பத்தரை மணி இருக்கும். முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கச் சாம்பிராணிப் புகை. பொரியும் கடலையும் சர்க்கரையும் கலந்த தாம்பாளம் எனக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஒரு வாய் பொரியை மென்றுகொண்டே, அந்தப் பெட்டிக்குள் எந்த இடத்தில் பொட்டு வைத்தால் மங்களகரமாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மல்லிகா அன்றைக்கும் டூட்டிக்குப் போயிருந்தாள். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்ட்டர் வேலை அவளுக்கு. திண்டிவனம் பஸ்ஸிலும் விழுப்புரம் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நோய்க்கு ஏது ஆயுத பூஜை? போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"ன்னாங்க, கம்ப்யூட்டர மட்டும் தொடாதீங்க. அறுபத்தோரு பர்சன்ட் ஓடியிருக்கு. பொட்டு வெக்கணும்னா வெளிய வெச்சிக்கங்க."

தலையை ஆட்டினேன். இந்த வீட்டில் தலையாட்டுவதற்கு நான் என்றைக்குமே குறை வைத்ததில்லை.

இயந்திரத்துக்கும் ஒரு நாள்

என் கட்சியையும் கேட்டுவிடுங்கள். சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் நான் ஃபிட்டர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் அது சும்மா பேச்சு இல்லை. முதல் நாளே மெஷின்களை நிறுத்தி, கிரீஸைச் சுரண்டி, கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். மறுநாள் நல்ல நேரம் பார்த்து எடுக்கும்வரை ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொட மாட்டோம். வருஷம் முழுக்க உழைக்கிற ஜீவனுக்கு ஒரு நாள் ஓய்வு. இதில் என்ன தப்பு?

அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு மெஷின் ஆடி மாசத்திலிருந்து இரவும் பகலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று காலை அதன் ஃபேன் வேறு 'கீய்ங்' என்று அனத்த ஆரம்பித்தது. ஃபிட்டர் காதில் அந்தச் சத்தம் விழுந்த பிறகு கை சும்மா இருக்குமா?

சுவிட்சை அணைத்தேன். தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. பைக்குக்குக் காற்றடிக்கிற கால் பம்ப்பால் ஊதினேன். மெமரி பலகை ஒன்று நீளமாக நின்றது. அதன் காலை ரப்பரால் தேய்த்தால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் என்று கம்பெனி எலெக்ட்ரீஷியன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பிடுங்கினேன், தேய்த்தேன், திரும்பச் செருகினேன். ஃபேன் நடுவில் சந்தனம் வைத்தேன். அது கொஞ்சம் தண்ணீராக இருந்துவிட்டது. ஒரு சொட்டு வழுக்கிப் பச்சைப் பலகைமேல் விழுந்தது.

துணியால் ஒற்றி எடுத்து, அந்த இடத்திலேயே குங்குமமும் வைத்தேன். தெய்வ குற்றம் ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

அவள் சம்மதம் சொன்னது எனக்கல்ல

அந்தப் பெட்டிக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் பெண் பார்க்கும் படலத்துக்குப் போக வேண்டும்.

மல்லிகாவின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. பி.எஸ்ஸி. கணக்கு முடித்திருந்தாள். எம்.எஸ்ஸி.க்கும் சீட்டு வந்ததாம். ஆலை மூடிவிட்ட நேரம், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், காபி கொண்டுவந்த பெண் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கிளம்பினோம். மறுநாள் சம்மதம் என்று தகவல் வந்தது.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தது என் பைக்கை. அதன் நம்பர் 8191.

"அந்த நம்பர் பகா எண்ணுங்க. அதுலயும் சாதாரணப் பகா எண்ணு இல்ல" என்று, மகள் பிறந்த பிறகுதான் இந்த ரகசியத்தை உடைத்தாள். என் மீசை, என் உத்தியோகம், என் அம்மா வாங்கிப்போன மல்லிகைப்பூ எதுவும் அவள் கண்ணில் படவே இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் எவரோ கொடுத்த நம்பருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

இன்றைக்கும் அந்த வண்டியை நான் விற்காமல் வைத்திருப்பது எதற்கு என்று என் மச்சான்கள் கேட்கிறார்கள். விற்றால் என் கதி என்ன?

தேங்காய் உடைக்கிற கணக்கு

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். ஏழு பகா எண். பதின்மூன்று பகா எண். 91 பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று. இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தப் பரீட்சையில் நான் பூஜ்யம் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

அவளுக்குப் பிடித்தது இதில் ஒரு தனி ஜாதி. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32, ஒன்று போனால் 31. பகா எண். ஏழு இரண்டுகள் என்றால் 128, ஒன்று போனால் 127. அதுவும் பகா எண். பதின்மூன்று இரண்டுகளில் வருவது என் பைக்.

இரண்டுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் விடை பகா எண்ணாக வர வாய்ப்பே உண்டு. அப்படி இருந்தாலும் வரும் என்று சொல்ல முடியாது. பதினொரு இரண்டுகளில் வருகிற 2047-ஐ அவள் ஒருநாள் தோசை மாவு கரைத்துக்கொண்டே உடைத்துக் காட்டினாள். இருபத்துமூன்றை எண்பத்தொன்பதால் பெருக்கினால் 2047. தேங்காய் மாதிரிதான் இதுவும், உடைக்கிறவரை அழுகலா நல்லதா என்று தெரியாது.

இந்த எண்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. 31-ஐ 16-ஆல் பெருக்கினால் 496. அந்த 496-ஐ மீதியில்லாமல் வகுக்கிற சின்ன எண்களை எல்லாம் கூட்டினால் திரும்ப 496-ஏ வரும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. என் அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினையில் இப்படி ஒரு கணக்கைப் பார்த்திருந்தால் இன்றைக்குப் பேச்சுவார்த்தையாவது இருந்திருக்கும்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் இவற்றைப் பட்டியல் போட்டவர் பிரெஞ்சு தேசத்துச் சாமியார் ஒருவராம். பட்டியலில் தப்பும் இருந்ததாம். அதைச் சரிபார்த்து முடிக்க உலகத்துக்கு முந்நூறு வருஷம் ஆனது என்று மல்லிகா சொல்வாள், ஏதோ தன் பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிற பாசத்தோடு. கீழே குடியிருக்கிற எங்கள் வீட்டுக்கார மதாம், பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். மாடியில் ராப்பகலாக என்ன இரைச்சல் என்று கேட்டு ஒருநாள் சண்டைக்கு வந்தார். மல்லிகா அவரை உட்காரவைத்து இந்தச் சாமியார் கதையைச் சொன்னாள். "அப்படியா, நம்ம ஆளா" என்று இறங்கிப் போனவர், அப்புறம் இரைச்சலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் செய்த ஒரே கணக்கு

இந்த ஜாதியில் ஒரு பெரிய எண்ணை எப்படிச் சோதிப்பது? வகுத்துப் பார்த்தால் யுகம் போதாது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு.

நாலில் ஆரம்பிக்க வேண்டும். அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கிற எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை வைத்துத் திரும்ப அதே வேலை. 31-க்குச் செய்து பாருங்கள். நாநான்கு பதினாறு, இரண்டு போக 14. பதினான்கைப் பதினான்கால் பெருக்கி இரண்டு போக 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டெட்டு அறுபத்துநான்கு, இரண்டு போக 62. அதை 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். இத்தனை தடவை செய்ய வேண்டும் என்று கணக்கு உண்டு, பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவு. அந்தக் கடைசித் தடவையில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை.

பூஜ்யம் வாங்கினால் ஜெயம் என்று ஒரு கணக்கு இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டரோடு உட்கார்ந்து 8191-க்கு நானே செய்தேன். பதினோரு படி. கடைசியில் ஏதோ குப்பை எண் வந்தது. "உன் மாப்பிள்ளை நம்பர் பகா எண்ணே இல்ல, ஏமாந்துட்ட" என்று அவளிடம் நீட்டினேன். அவள் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். 4870 என்று எழுத வேண்டிய இடத்தில் 4780 என்று எழுதியிருந்தேன்.

அதற்கப்புறம் இருந்த எட்டு படியும் வீண். "ஒரு எடத்துல சறுக்கினா போதுங்க, அதுக்கு மேல எல்லாம் தப்புதான். ஆனா பாக்கறதுக்கு ஒழுங்காத்தான் இருக்கும்" என்றாள்.

மகள் நர்சிங் படிக்க வேலூருக்குப் போன பிறகு, அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. உலகம் முழுக்க இந்த எண்களைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டால் ஆளுக்கொரு எண் கொடுப்பார்கள் என்று மல்லிகா கண்டுபிடித்தாள். அவளுக்கு வந்த எண்ணுக்கு இரண்டு கோடிக்கு மேல் இலக்கங்கள். நொடிக்கு ஒன்று என்று ராப்பகலாக எழுதினால் ஒரு பிள்ளை பெறுகிற காலம் ஆகும். படிகளோ ஏழு கோடிக்கு மேல்.

அந்த எண்ணை ஏற்கெனவே வேறு எந்த நாட்டிலோ ஒருவர் சோதித்து, பகா எண் இல்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் நடுவில் தடுமாறியதாகக் குறிப்பு. அதனால் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். புது எண்கள் எத்தனையோ இருக்க, மல்லிகா கேட்டு வாங்கியது இந்த மாதிரி எண்ணைத்தான்.

"அந்தாளு தப்பு பண்ணியிருந்தா, இது பகா எண்ணா இருக்கலாம்ல" என்பாள். காலையில் பல் விளக்குகிறதுக்கு முன்னால் எத்தனை பர்சன்ட் என்று பார்ப்பாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

கரண்ட் மேல் ஒரு பழி

சரி, திறந்து வைத்த பெட்டிக்கு வருவோம்.

மூடி, சுவிட்சைப் போட்டேன். 'பீப் பீப் பீப்' என்று மூன்று தடவை கத்திவிட்டு நின்றது. என் வாயிலிருந்த பொரி அப்படியே நின்றது. திரும்பத் திறந்து மெமரி பலகையை அழுத்திச் செருகி, எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுப் போட்டேன். வந்தது. கணக்கும், எங்கேயோ சேமித்து வைத்த இடத்திலிருந்து தானாகத் தொடர்ந்தது. ஃபேன் சத்தம்கூட இல்லை.

சாயந்திரம் மல்லிகா வந்தவுடன் ஸ்க்ரீனைப் பார்த்து, எதிர்பார்த்த அளவு ஓடவில்லையே என்றாள்.

"கரண்ட் போச்சு" என்றேன்.

பாண்டிச்சேரியில் இதைவிட நம்பத்தகுந்த பொய் கிடையாது. அவள் முகம் கழுவப் போனாள்.

அன்றிலிருந்து குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது, அதுதான் பிரச்சினை. என் 4780-உம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏழு கோடி படியில் எந்தப் படியில் சந்தனம் புகுந்ததோ, எந்த இலக்கம் புரண்டதோ யாருக்குத் தெரியும்? அது உண்மையிலேயே பகா எண்ணாக இருந்து, என் விரலால் இல்லை என்று ஆகிவிட்டால்? அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு வாங்கியது அந்த ஒரு எண்தான்.

எழுபது பர்சன்ட். எண்பது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வருவேன், டிபன் பாக்ஸோடு சேதராப்பட்டுக்குப் போய்விடுவேன். ஒருநாள் தவளக்குப்பத்தில் அவள் தங்கை வீட்டு விசேஷம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மல்லிகா, அந்த ஆயுத பூஜ அன்னிக்கி..." என்று தொடங்கினேன். அவள் என் இலையைப் பார்த்து, "வடை வேணுமா" என்றாள். வேண்டும் என்றேன்.

பதினாறு எழுத்து

கார்த்திகை மாதம், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் டூட்டிப் புடவையைக் கட்டி முடித்து, கொசுவத்தைச் செருகிக்கொண்டே அறைக்குள் போனாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் வெளியே வரவில்லை.

போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லியாம்" என்றாள்.

பூஜ்யம் வரவில்லை. அந்த இடத்தில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து பதினாறு நின்றன. கடைசி மீதியின் வால் அது. அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஒரு கால் ஷூவோடு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர், கால் பம்ப், ரப்பர், சந்தனம், மூன்று பீப், கரண்ட்.

"தெரியும்" என்றாள் மல்லிகா.

"எப்ப?"

"அன்னிக்கே. சுவிட்சுல குங்குமம். ரப்பர்ல கருப்பு. கீழ மதாம் நாள் பூரா டிவி பாத்தாங்களாம், கரண்ட் போகவே இல்லியாம்."

"அப்ப ஏன் ஓட்டின?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

ஒன்றரை மாசம் பார்த்திருக்கிறாள். வடை வேணுமா என்று கேட்டவள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது.

"என்னாலதான் போச்சா மல்லிகா?"

அவள் எண் கொடுத்தவர்களுக்கு விடையை அனுப்பினாள். முதலில் சோதித்தவரின் பதினாறு எழுத்தை அதுவரை மறைத்துத்தான் வைத்திருப்பார்கள், பார்த்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டாவது விடை போன பிறகுதான் திறந்து காட்டுவார்கள். இரண்டு கம்ப்யூட்டரும் தனித்தனியாகத் தப்பு செய்து, ஒரே தப்பான விடைக்கு வந்து சேருவது நடக்காத காரியம். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டுமே சரி. வேறாக இருந்தால் யாரோ ஒருவர் கெடுத்திருக்கிறார். அது யார் என்று எனக்குத் தெரியும்.

அவள் தன்னுடையதை ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம். ஸ்க்ரீனைப் பார்த்து அவள் படிக்க, நான் சீட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். பத்தாவது எழுத்தில் சீட்டு கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து.

"பதினாறாவது, மூணு" என்றாள்.

சீட்டிலும் மூன்று.

"உங்க குங்குமம் ஒண்ணும் பண்ணலீங்க. அந்தாளும் சரி, நாமளும் சரி. அது பகா எண்ணு இல்ல, அவ்ளோதான்."

ஒரு எண் பகா எண் இல்லை என்பதற்காக இந்தப் பூமியில் விழுந்து கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எந்த ஊர்க்காரரோ, என்ன பேரோ, அந்த முதல் ஆளையும் சேர்த்துக் கும்பிட்டேன். எழுந்தபோது அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. அவளுக்கு இறங்கியது பாரம் இல்லை, ஆசை. அதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"புது நம்பரா வாங்கியிருக்கலாம்ல? ஒருத்தன் இல்லன்னு சொன்னத இன்னாத்துக்கு நீ எடுத்த?"

அந்தச் சீட்டை நாலாக மடித்தாள்.

"அப்பா எம்.எஸ்ஸி. வேணாம்னு ஒரே ஒரு வாட்டிதாங்க சொன்னாரு. அது சரியான்னு ரெண்டாவது வாட்டி யாருமே பாக்கல. நானும் பாக்கல."

நான் இன்னொரு ஷூவை மாட்டினேன். லேஸ் கட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

"இப்ப பாக்கலாமா?"

அவள் எழுந்தாள். மணியைப் பார்த்தாள், கோரிமேடு பஸ் போயிருந்தது. டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். நான் போய் 8191-ஐ உதைத்துக் கிளப்பினேன், மழையில் நனைந்திருந்தாலும் மூன்றாவது உதையில் எழுந்துகொண்டது. பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நெல்லித்தோப்பு சிக்னலில் நிற்கும்போது காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

"தபால்ல படிக்கறதுக்கு ஃபாரம் எப்ப குடுப்பாங்கன்னு மத்தியானம் விசாரிக்கறேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம். பச்சை விழுந்ததும் வண்டியை விட்டேன்.